முள்ளுக்கு ஓர் இடம்

கிள்ளானில் எங்கள் பட்டறைக்கு தூண்டில் ராட் கட்டச் சொல்லி வருகிறவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் முடிவு செய்துகொண்டுதான் வருவார்கள். எந்த பிளாங்க் (ராடின் தண்டு), எத்தனை அடி, எந்த கைடு (லைன் ஓடும் வளையம்), பிடி கார்க்கா ஈவிஏவா, நூல் என்ன நிறம், யார் பெயரை எழுத வேண்டும் என்பதெல்லாம் கைப்பேசியில் படமாக இருக்கும். அத்தனையும் எழுதிக்கொண்ட பிறகு, எனக்கு வேலை கற்றுத்தரும் அண்ணன் கேட்பார்: "கீப்பர் வைக்கவா?" அங்கேதான் பலரும் யோசிப்பார்கள். சிலர் "வேணாம் அண்ணே, ராடு அசிங்கமாயிரும்" என்பார்கள். சிலர் "அது இல்லாம எப்படி?" என்று திருப்பிக் கேட்பார்கள். மற்றவர்கள் "உங்க இஷ்டம்" என்று சொல்லி, முன்பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

கீப்பர் என்பது ராடின் பிடிக்குச் சற்று மேலே நூலால் கட்டப்படும் சிறு கம்பி வளையம். சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நடக்கும்போதோ வண்டியில் போகும்போதோ, லைன் நுனியிலுள்ள முள்ளை அதில் மாட்டி, ரீலை ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிவிட்டால் முள் ஆடாது, யாரையும் குத்தாது. அதன் வேலை அவ்வளவுதான். மீன் பிடிப்பதில் அதற்கு எந்தப் பங்கும் கிடையாது. அதனால்தான் வேண்டுமா வேண்டாமா என்று இத்தனை வாதம்.

நான் ராட் கட்டக் கற்றதில் பெரும்பகுதி இந்தச் சின்னக் கம்பியைச் சுற்றித்தான் நடந்தது. அதற்குக் காரணம் உண்டு. புதிதாக வருகிறவன் கையில் அண்ணன் கைடு கட்டும் வேலையைக் கொடுக்க மாட்டார். கைடு கோணினால் லைன் உரசும், தூரம் போகாது, ராடு மீன் இழுப்பில் முறுகும். கீப்பர் கோணினால் யாருக்கும் நட்டமில்லை. ஆகவே முதல் வேலை அதுதான்.

பட்டறை என்று சொன்னாலும் அது தாமான் வீட்டின் கார் நிறுத்தும் இடம். ஒரு நீள மேசை, ராடைத் தாங்க ரப்பர் ஒட்டிய மரத்தாங்கிகள், ஒரு நுனியில் மெல்லச் சுழலும் சின்ன மோட்டார். நூல் கண்டை ஒரு கோப்பையில் போட்டு, நூலைப் பழைய டெலிபோன் டைரக்டரியின் பக்கங்களுக்கு நடுவே இழுத்து வருவோம். புத்தகத்தின் மேல் எவ்வளவு கனம் வைக்கிறோமோ அவ்வளவு இறுக்கம். அதற்கென்றே கருவிகள் விற்கிறார்கள், அண்ணன் வாங்கியதில்லை. தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்தவர். இருக்கிற பொருளை வைத்து வேலையை முடிப்பது அவருக்குப் பழக்கம்.

கீப்பரின் இரண்டு கால்களையும் முதலில் அரத்தால் தேய்த்து நுனியை மெலிதாக்க வேண்டும். நுனி தடித்திருந்தால் பிளாங்கிலிருந்து காலின் மேல் ஏறும் இடத்தில் நூல் தடுக்கி ஓர் இடைவெளி விடும். பூச்சு போட்ட பிறகு அந்த இடைவெளியில் காற்று அடைபடும், நாளடைவில் தண்ணீர் புகும், கால் துருப்பிடிக்கும். விரலை ஓட்டிப் பார்த்தால் ஏற்றம் தெரியவே கூடாது. பிறகு ஒரு காலை மெல்லிய டேப்பால் பிளாங்கோடு ஒட்டிவிட்டு, அடுத்த காலுக்குச் சற்றுத் தள்ளி வெறும் பிளாங்கில் நூலைத் தொடங்குவோம். நூலின் வாலை அதே நூலால் ஐந்தாறு சுற்று மிதித்துக்கொண்டு, மீதி வாலை வெட்டிவிட வேண்டும். இடது கையால் பிளாங்கை உருட்ட, நூல் தானாகப் பக்கத்தில் பக்கத்தில் படிந்து காலின் மேல் ஏறும். முடிவதற்கு ஐந்தாறு சுற்றுக்கு முன் தனி நூலில் ஒரு மடிப்பு வைத்து, அதன்மேல் சுற்றி, நூலை வெட்டி நுனியை மடிப்புக்குள் நுழைத்து இழுத்தால் அது சுற்றுகளுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். கடைசியில் பேனா மூடியால் நீவிவிட்டால் இடைவெளிகள் மூடும். அடுத்த காலுக்கும் இதே வேலை.

பிறகு எபாக்சி. இரண்டு திரவங்களையும் தனித்தனி ஊசிக்குழாயில் சரிசமமாக எடுத்து, குமிழி எழாமல் மெதுவாகக் கலந்து, அலுமினியத் தாளில் ஊற்றிப் பரப்புவோம். கோப்பையிலேயே விட்டால் சூடேறிச் சீக்கிரம் கெட்டியாகிவிடும். தூரிகையால் தடவிய பின் ராட் மணிக்கணக்கில் மோட்டாரில் சுழன்றுகொண்டே இருக்கும், இல்லாவிட்டால் பூச்சு ஒரு பக்கமாக வழிந்து தொங்கும். நம் ஊர் ஈரக்காற்றில் எபாக்சியின் மேல் பிசுபிசுப்பாக ஒரு மங்கல் படியும். மாலையில் மழை இறங்கிவிட்டால் அன்றைக்குக் கலவை கிடையாது. நைலான் நூலின் நிறமும் பூச்சில் மாறும். நிறம் காக்கும் திரவத்தை முதலில் தடவாவிட்டால் சிவப்பு மெரூனாக இருண்டுவிடும்.

இத்தனை வேலையும் கைடுக்கு என்றால் சரி. ஒரு கொக்கி மாட்டும் கம்பிக்கு எதற்கு? வேண்டாம் என்கிறவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான்.

முதல் காரணம் கனம். இன்றைக்கு ராட் கட்டுகிறவர்கள் கிராம் கணக்கில் குறைக்கப் பார்க்கிறார்கள். கைடின் வளையம் சிறுத்துவிட்டது, பிடியை நடுவில் வெட்டி பிளாங்கைத் திறந்து வைக்கிறார்கள், ரீல் சீட்டிலும் தேவையற்றதைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். அங்கே கம்பியும் நூலும் பூச்சுமாக ஒரு கீப்பரைச் சேர்ப்பது கேலிக்கூத்து என்பார்கள். ஆனால் கனம் எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே கையில் தெரியும். வீசும்போது ஒரு பொருள் எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பது கையிலிருந்து அதன் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆறரை அடி ராட் என்றால் பிடித்திருக்கும் கையிலிருந்து முனை ஏறக்குறைய 170 செ.மீ. தள்ளி இருக்கும், கீப்பர் 15 செ.மீ. தள்ளி. கணக்குப் போட்டால், கீப்பர் இருக்கும் இடத்தில் 1 கிராம் கொடுக்கும் சுமையைப்போல் 130 மடங்கை, முனையில் வைத்த அதே 1 கிராம் கொடுக்கும். கனத்தைக் குறைக்க விரும்புகிறவர் முனைப் பக்கக் கைடுகளில் பூசும் எபாக்சியைக் குறைத்தால் போதும், பல கீப்பர் வைக்கும் அளவுக்குச் சலுகை கிடைக்கும். கனத்தைக் காட்டி கீப்பரை மறுப்பது கணக்கில் நிற்காது.

இரண்டாவது காரணம், கைடிலேயே மாட்டிக்கொள்ளலாமே என்பது. இது கொஞ்சம் வலுவான வாதம். கைடின் காலில், அதாவது சட்டத்தின் கம்பியில் முள்ளை மாட்டினால் பெரிய கேடில்லை. ஆனால் அவசரத்தில் யாரும் காலைத் தேடுவதில்லை, கண்ணுக்குத் தெரியும் வளையத்தில் மாட்டிவிடுகிறார்கள். வளையத்தின் உள்ளே லைன் ஓடும் பகுதி செராமிக். நல்ல கைடுகளில் சிலிக்கான் கார்பைடு. இரும்பு முள் அதைக் கீற முடியாது, அவ்வளவு கடினம். கடினமாக இருப்பதாலேயே அது நொறுங்கக்கூடியது. ஒரு புள்ளியில் முள் அழுந்தி, லைன் இறுக்கமாக இழுத்திருக்க, ராட் மோட்டார் சைக்கிளில் குலுங்கிக்கொண்டே போனால் வளையத்தில் மயிரிழை விரிசல் விழும். சில நேரம் வளையமே சட்டத்தைவிட்டுக் கழன்று போகும்.

பழுதுக்கு வரும் ராடுகளைச் சோதிக்க அண்ணன் காது குடையும் பஞ்சுக்குச்சி வைத்திருக்கிறார். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் குச்சியை விட்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுவார். நல்ல வளையத்தில் பஞ்சு வழுக்கிக்கொண்டு வரும். விரிசல் இருந்தால் அந்த இடத்தில் ஓர் இழை சிக்கி நீண்டு நிற்கும். கண்ணுக்கு எதுவும் தெரியாது, பஞ்சு காட்டிக் கொடுத்துவிடும். ஒருவர் பெரிய தோமான் மீன்களை அடுத்தடுத்து விட்டுவிட்டு, பிரெய்டு லைன் மட்டமான சரக்கு என்று புலம்பிக்கொண்டு வந்தார். லைனைக் கையில்கூட எடுக்காமல் அண்ணன் பஞ்சை ஓட்டினார். ரீலிலிருந்து மூன்றாவது கைடில் இழை சிக்கியது. அந்தக் கைடின் சட்டத்திலும் முள் தேய்த்த கோடுகள் இருந்தன. "எங்க மாட்டுவீங்க?" என்று கேட்டார். அவர் அதே கைடைத் தொட்டுக் காட்டினார். கைடைப் பிரித்து, புதுக் கைடு கட்டி, பூச்சு போட ஆன செலவில் கைநிறையக் கீப்பர் வாங்கலாம். கீப்பர் இரண்டு மூன்று வெள்ளிச் சாமான்.

முள்ளுக்கு நாம் ஓர் இடம் கொடுக்காவிட்டால், அது தானே ஓர் இடத்தைத் தேடிக்கொள்ளும் என்பதை அன்றைக்குப் புரிந்துகொண்டேன். கைடில் மாட்டாதவர் கார்க்கில் குத்தி வைப்பார், கார்க் பொத்தல் பொத்தலாகிப் பொரிந்து உதிரும். ஈவிஏ பிடியில் குத்தினால் கிழியும். சிலர் ரீலிலேயே மாட்டுவார்கள், பூச்சு சுரண்டிப் போகும். பழுதுக்கு வரும் ராடை மேலிருந்து கீழ்வரை பார்த்தால் முதலாளி எங்கே மாட்டுகிறார் என்பது தழும்பிலேயே எழுதியிருக்கும்.

எங்களிடம் வருகிறவர்களில் பலர் செம்பனைத் தோட்டத்து வாய்க்கால்களிலும், தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கத்து வயல் நீர்க்கால்களிலும் விரால் பிடிப்பவர்கள். இங்கே பேச்சில் ஹாருவான். இந்த மீன்பிடிப்பில் நின்ற இடத்தில் நிற்பதே கிடையாது. ரப்பர் தவளையைப் பாசிமேல் நாலைந்து தடவை வீசிப் பார்த்து, ஒன்றும் அடிக்கவில்லை என்றால் லாலான் புல்லை விலக்கிக்கொண்டு அடுத்த வளைவுக்கு நடக்க வேண்டியதுதான். காலையில் தொடங்கி வெயில் ஏறும்வரை நடைதான் அதிகம், வீச்சு குறைவு. பிறகு ராடை மோட்டார் சைக்கிளின் குறுக்கே வைத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போவார்கள். தொங்கும் முள் புல்லில் சிக்கும், காற்சட்டையில் சிக்கும், வண்டியில் பின்னால் உட்கார்ந்திருப்பவன் சட்டையிலும் சிக்கும். இவர்களுக்குக் கீப்பர் வேண்டுமா என்று கேட்பதே வீண்.

மூன்றாவது காரணம், லைன் சிக்கும் என்பது. இதை அண்ணனே ஒப்புக்கொள்வார், ஆனால் அது கீப்பரின் குற்றம் இல்லை, வைத்த இடத்தின் குற்றம் என்பார். ஸ்பின்னிங் ராடில் ரீலும் கைடும் அடிப்பக்கம் இருக்கும். வீசும்போது ரீலிலிருந்து லைன் பெரிய பெரிய வளையமாகப் பறந்து, முதல் கைடுக்குள் நுழையும்வரை பிளாங்கை அடித்துக்கொண்டே போகும். அந்தப் பாதையில் அடிப்பக்கமாகக் கீப்பர் நின்றால் ஒரு தளர்ந்த வளையம் என்றாவது ஒருநாள் அதைப் பிடித்துக்கொள்ளும். லூர் எனும் போலி இரை நடுவானில் நின்று, லைன் அறுந்து பறக்கும். அதனால் ஸ்பின்னிங் ராடில் கீப்பர் கைடுகளுக்கு எதிர்ப்பக்கம் போகும், அல்லது பக்கவாட்டில். காஸ்டிங் ராடில் ரீலும் கைடும் மேலே. அதில் கீப்பரைக் கீழே வைக்கலாம் என்று நினைப்போம். ஆனால் இப்போதைய காஸ்டிங் ராடுகள் பலவற்றில் முன்பிடி கிடையாது, ரீலுக்கு முன்னால் வெறும் பிளாங்க். பிடிக்கிறவர் ரீலை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு விரல்களை அடியில் விட்டு பிளாங்கைத் தொட்டுக்கொண்டிருப்பார். மீன் தொடுவதை அந்த விரல்தான் உணரும். அங்கே ஒரு கம்பி முட்டிக்கொண்டிருந்தால் அரைமணி நேரத்தில் எரிச்சல் வந்துவிடும்.

அதனால் கீப்பரை டேப்பால் ஒட்டி எடுத்துப் போய்க் காட்டினால் அண்ணன் முதலில் கேட்பது ஒன்றுதான். "ரீலை மாட்டிப் பாத்தியா தம்பி?" ரீல் இல்லாத ராடில் கீப்பருக்கு எல்லா இடமும் பொருத்தமாகத்தான் தெரியும். ரீலை மாட்டி, முடிந்தால் வாடிக்கையாளரையே வரவழைத்து, வழக்கமாகப் பிடிப்பதுபோல் பிடிக்கச் சொல்லி, விரல் எதுவரை எட்டுகிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்வோம். அந்தக் கோட்டுக்கு இரண்டு விரல் தள்ளித்தான் கீப்பர். கைடுகள் மேலே தொடங்கிப் படிப்படியாக அடிப்பக்கத்துக்குத் திரும்பும் ஸ்பைரல் ராட் என்றால், லைன் திரும்பத் தொடங்கும் இடத்துக்கு முன்பே கீப்பர் முடிந்துவிட வேண்டும்.

வகையிலும் வேறுபாடு உண்டு. இரண்டு கால் உள்ள வளைந்த கம்பிதான் எங்கள் வழக்கம். அசையும் பாகம் கிடையாது, இரண்டு பக்கமும் நூல் பிடித்திருப்பதால் எளிதில் பிடுங்கிக்கொள்ளாது. ஒற்றைக்கால் வளையம் பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஒரே கட்டில் வேலை முடியும், ஆனால் பைக்குள் சிக்கி இழுபட்டால் சாய்ந்துவிடும். மடக்கும் வகை பிளாங்கோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும், லைன் சிக்காது. கடற்கரை மணலும் உப்பும் அதன் கீலில் ஏறினால் மடங்க மறுக்கும். ஃபூஜி நிறுவனத்தின் ஈஸி கீப்பர் ரப்பர் வளையத்தால் மாட்டுவது, கழற்றலாம், நகர்த்தலாம். வெயிலில் ரப்பர் வெடிக்கும், அதற்கு மாற்று ரப்பர் கையில் இருக்க வேண்டும். வளையம் கழன்று வீணான பழைய கைடின் சட்டத்தையே மழமழவென்று தேய்த்துக் கீப்பராகக் கட்டுவதும் உண்டு. மூன்று முள் சேர்ந்த கொக்கி போடுகிறவர்களுக்குச் சற்று அகன்ற வளையம் வேண்டும், இல்லாவிட்டால் மாட்டவும் கழற்றவும் விரலில் குத்து வாங்குவார்கள்.

இவ்வளவும் கீப்பருக்கு ஆதரவாகவே போகிறதே என்று நினைக்கலாம். வைக்கக் கூடாத ராடுகளும் இருக்கின்றன, அவற்றைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

ஒன்று, ஜிக்கிங் ராட். பூலாவ் ஜாராக் பக்கம் படகில் போய் ஆழத்தில் உலோக ஜிக்கை இறக்கிப் பிடிப்பவர்களுடையது. ஜிக் ஒவ்வொன்றும் 100, 150, 200 கிராம் என்று கனக்கும். அதன் முள்ளைக் கீப்பரில் மாட்டினால் லைன் முனையை நோக்கி இழுப்பதால் ஜிக் பிளாங்கை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். படகு அலையில் குதிக்கக் குதிக்க அது பிளாங்கைத் தட்டிக்கொண்டே வரும். கார்பன் இழை பிளாங்க் வளைவதற்குச் செய்யப்பட்டது, தட்டைத் தாங்காது. தட்டிய இடத்தில் உள்ளே இழை நசுங்கும், வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் சாதாரண மீன் இழுப்பில் அதே இடத்தில் படக்கென்று ஒடியும். மீன் ஒடித்துவிட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள், ஒடித்தது முந்தைய பயணத்தின் ஜிக். இந்த ராடுகளுக்குக் கீப்பரை வைக்காமல், ஜிக்கைச் சுற்றிப் பிடிக்கும் துணி உறையைப் பரிந்துரைப்பதே நல்லது. அடியில் ஈயக்குண்டு தொங்கும் அப்பொல்லோ கட்டு போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். முள் கீப்பரில் இருந்தாலும் குண்டு ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

இன்னொன்று ஃப்ளை ராட். பழைய மூங்கில் ஃப்ளை ராடுகளில் கார்க் பிடிக்கு மேலே மெல்லிய வளையம் ஒன்று தொங்குவதைப் படங்களில் பார்க்கலாம், அந்த மரபு இன்றும் தொடர்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 9 அடி ராடில் முனையிலிருந்து கீப்பர் வரை ஏறக்குறைய 8 அடி. தடித்த ஃப்ளை லைனின் நுனியில் கட்டும் மெல்லிய லீடரும் 9 அடி என்றால், ஃப்ளையைக் கீப்பரில் மாட்டியதும் லீடரும் லைனும் சேரும் முடிச்சு முனைக் கைடுக்குள் ஓர் அடி போய்விடும். அடுத்த இடத்தில் லைனை வெளியே விடும்போது அந்த முடிச்சு முனையில் தட்டி நிற்கும். அதனால் ஃப்ளைக்காரர்கள் லீடரை ரீலுக்கு அடியில் சுற்றித் திருப்பிக் கொண்டுவந்து, மேலே ஒரு கைடின் காலில் மாட்டிக்கொள்வார்கள். அதே ராடில் தோமானுக்கும் பீகாக் பாஸுக்கும் 7 அடி லீடர் போடுகிறவருக்குக் கீப்பர் கச்சிதமாகப் பொருந்தும், முடிச்சு முனைக்கு வெளியே ஓர் அடி தள்ளி நிற்கும். பிளாங்க் ஒன்றுதான், கைடு ஒன்றுதான். லீடரின் நீளம் மாறினால் பதில் மாறுகிறது.

கீப்பரைப்போல் வேறு சில்லறை வசதிகளையும் கேட்டு வருவார்கள். இரண்டு துண்டு ராடில் இணைப்புக்கு மேலும் கீழும் நேர்பார்க்க வைக்கும் புள்ளிகளை நாங்கள் கேட்காமலேயே வைத்துவிடுவோம். கனமில்லை, செலவில்லை, கைடு நேராக நிற்கும். மீனின் நீளம் பார்க்கப் பிளாங்கில் நூலால் அளவுக்கோடு போடச் சொல்வார்கள். போட்டுக் கொடுப்போம், ஆனால் துள்ளுகிற மீனை ராடின் பக்கத்தில் கிடத்தினால் வாலடியில் கைடு வளையும் என்றும் சொல்லிவிடுவோம். ஐஸ் பெட்டியின் மூடியில் அளவுகோல் ஒட்டிக்கொள்வது மேல். அடிமுனையில் சமனெடை வைக்கச் சொல்கிறவர்களிடம் முதலில் ரீலைக் கொண்டுவரச் சொல்கிறோம், பாதிப் பேருக்குத் தேவையே இருக்காது. சுவரில் மாட்ட அடியில் வளையம் கேட்டவர்களும் உண்டு. அதற்குச் சுவரில் ஆணி போதும்.

இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒரு பிரிவினை பிடிபட்டது. விலை கூடிய ஒரு பாகத்துக்கு வரும் அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் சாமான் ராடில் இருக்க வேண்டியது. கீப்பர் கைடின் அடியையும் கார்க்கின் குத்தையும் வாங்கிக்கொள்கிறது. ராடுக்கு வெளியே வேறொன்று செய்துவிடக்கூடிய வேலைக்காக வைக்கும் சாமான் வேண்டாதது. அளவுக்கோட்டின் வேலையை அளவுகோல் செய்யும். கீப்பரே ஒரு ராடில் பிளாங்குக்கு அடி வாங்கித் தருகிறது என்றால் அங்கே அதுவும் வேண்டாத கூட்டத்தில் சேர்ந்துவிடும்.

அண்ணனுக்கும் எனக்கும் இதில் இன்னும் உடன்பாடு வராத ஓர் இடம் உண்டு. "உங்க இஷ்டம்" என்று சொல்லிப் போனவர்களுக்கு என்ன செய்வது? அண்ணன் வைத்துவிடுவார். "ராடு நம்ம கையைவிட்டுப் போறப்ப முழுசாப் போகணும் தம்பி. வேணாம்னா மாட்டாம இருக்கட்டும்" என்பார். நான் கட்டாமல் விட்டு, ரப்பர் கீப்பர் ஒன்றைக் கையில் கொடுத்தனுப்பலாம் என்கிறேன். சில மாதம் மாட்டிப் பார்த்து, நகர்த்தி நகர்த்தித் தமக்குத் தோதான இடத்தை அவர்களே கண்டுபிடித்த பிறகு ராடைக் கொண்டுவரட்டும், அந்த இடத்தில் நூலால் கட்டிவிடலாம். கட்டிய ராடில் பிறகு கீப்பர் சேர்ப்பது எளிது. தவறான இடத்தில் கட்டியதைப் பிரித்தால் பூச்சின் தழும்பு பிளாங்கில் தங்கும். அண்ணன் இதற்குச் சொல்லும் மறுப்பிலும் நியாயம் இருக்கிறது. ரப்பருக்கு அடியில் மணலும் உப்பும் ஒதுங்கி பிளாங்கின் மினுக்கை அரைக்கும். அதோடு, கொண்டுவருகிறேன் என்று போனவர் எத்தனை பேர் திரும்பிக் கொண்டுவருவார்கள்?

அப்படி ரப்பர் கீப்பரோடு போய்த் திரும்பி வந்த சிலரின் ராடுகளைப் பார்த்ததில் எனக்கு ஒன்று தெரிந்தது. நாங்கள் மேசையில் வைத்து ஊகித்த இடமும் அவர்கள் நகர்த்தி நிறுத்திய இடமும் அநேகமாக ஒத்துப்போகவில்லை. ஒருவர் எதிர்பார்த்ததைவிட ஒரு சாண் மேலே வைத்திருந்தார். அவர் ராடைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கிறவர், கீழே இருந்தால் முள் கழுத்துக்கு வந்துவிடும். இன்னொருவர் பக்கவாட்டில் இடப்பக்கமாகத் திருப்பியிருந்தார். மோட்டார் சைக்கிளில் ராடை வைக்கும்போது அந்தப் பக்கந்தான் அவருக்கு வெளியே பார்த்திருக்கும். இதை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. ஆளுக்கென்று கட்டுவது என்றால் பெயர் எழுதுவதும் நிறம் தேர்வதும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். மீன் பிடிக்காத நேரத்தில் அந்த ஆள் ராடை எப்படித் தூக்கிக்கொண்டு போகிறார் என்பதும் அதில் சேர்ந்ததுதான்.

கீப்பர் இல்லாத ராட் வைத்திருப்பவர்கள் இதற்காகப் புதுசு கட்ட வேண்டியதில்லை. கைடு கட்டும் நூல் ஒரு கண்டு, இரண்டு கால் கீப்பர் ஒன்று, சின்ன எபாக்சி டப்பா ஒன்று இருந்தால் வீட்டிலேயே ஒரு மாலையில் கட்டிவிடலாம். கால் நுனியை மெலிதாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். பூசுமிடத்தை ஸ்பிரிட்டால் துடையுங்கள், கையெண்ணெய் இருந்தால் பூச்சு பிடிக்காது. மோட்டார் இல்லாவிட்டால் கெட்டியாகும்வரை சில நிமிடத்துக்கு ஒருமுறை கையால் அரைச்சுற்று உருட்டிக்கொண்டிருந்தால் போதும். கட்டுவதற்கு முன் ஒரு வாரம் வெறும் டேப்பால் ஒட்டி, ரீலோடு எடுத்துப் போய் நடந்து பாருங்கள். கை தட்டுகிறதா, லைன் தொடுகிறதா, லூர் பிளாங்கை அடிக்கிறதா என்று பார்த்து, மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்த இடத்தில் நூலைச் சுற்றுங்கள்.